வலது கால் செருப்பு

"ஞாயித்துக்கிழமை பஸ், அண்ணி. உனக்கும் சேத்து ரெண்டு எடம் சொல்லிட்டேன்."

முழுக்கு வீட்டுத் தொட்டியின் கடைசிப் படியைத் தேய்த்துக்கொண்டிருந்த கஸாலா நிமிரவில்லை.

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? அண்ணன் போயி ஏழு மாசம் ஆச்சு. புள்ளை இல்லை. சட்டப்படி நீ எனக்குத்தான். துனிஸ் போறோம், கப்பல் ஏறுறோம், இஸ்ரேல் மண்ணுல எறங்கினதும் கல்யாணம்."

"வேண்டாம்னு சொல்றதுக்கும் சட்டத்துல எடம் இருக்குடா, பிராஜி."

"இருக்கு. ஆனா அதுக்கு நான் செருப்பை மாட்டிக்கிட்டு அஞ்சு பேர் முன்னால வந்து நிக்கணும்." அவன் வாசலில் நின்று தொப்பியைச் சரிசெய்தான். "நான் வரமாட்டேன்."

போய்விட்டான். கஸாலாவின் கையில் இருந்த தேங்காய்நார் போன்ற பேரீச்சை நார் தண்ணீரில் நழுவி விழுந்தது.

ஜெர்பா தீவின் ஹாராவில், யூதத் தெருக்களில், இந்தச் சட்டம் தெரியாத பெண் கிடையாது. பிள்ளை பிறக்காமல் கணவன் இறந்தால், அவன் தம்பி அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையா, யூத குருமாரான ரபிகள் முன்னால் நின்று விட்டுக்கொடுக்க வேண்டும். அவன் வலது காலில் தோல் செருப்பு மாட்டுவார்கள். அவள் வார்களை அவிழ்த்து, செருப்பைக் கழற்றி எறிந்து, அவன் எதிரே தரையில் துப்ப வேண்டும். துப்பினால் கட்டு அறுந்தது.

இரண்டும் செய்யாமல் தம்பிக்காரன் கடல் தாண்டிப் போனால்?

அவள் யாருக்கும் மனைவி இல்லை. யாருக்கும் மனைவியாகவும் முடியாது. சாகும்வரை.

கஸாலாவுக்கு முப்பத்தொரு வயது.

இத்தனைக்கும் அவள் அந்த மண்ணை வெறுத்தவள் இல்லை. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டுகிறான் என்ற பேச்சு அடிபட்ட வருஷம் அது. ஹாராவில் பாதிப்பேர் அதே கேள்வியைத்தான் மென்றுகொண்டிருந்தார்கள். போவோமா, இருப்போமா? பஸ்கா விருந்தில் வருஷா வருஷம் "அடுத்த வருஷம் ஜெருசலேமில்" என்று சொல்லியே வளர்ந்த ஜனம். அந்த அடுத்த வருஷம் பஸ் ஏறி நேரிலேயே வந்து வாசலில் நின்றபோது, தொண்டையில் மீன்முள் சிக்கியவர்கள்போல் முழித்தார்கள்.

போன வருஷம் போய்ச் சேர்ந்த மாமா எழுதியிருந்தார்: "கூடாரத்தில் இருக்கிறோம். மழை பெய்தால் கட்டில் மிதக்கிறது. ஆனால் கஸாலா, இங்கே போலீஸ்காரன் யூதன், திருடன் யூதன், திருடனை விட்டுவிடச் சொல்லி சிபாரிசுக்கு வருகிறவனும் யூதன்." அந்தக் கடிதத்தை அவள் நான்கு முறை படித்தாள். நான்கு முறையும் சிரித்தாள். நான்கு முறையும் கட்டில் மிதக்கும் இடத்தில் நின்றாள்.

ஒரு பக்கம், தினம் மூன்று வேளை முகம் திருப்பித் தொழும் திசை. மறுபக்கம் இந்தக் கடல், புளித்த மாவு தொடாத பஸ்கா வாரம் முடிந்த அந்தியில் சுடச்சுட முதல் ரொட்டி கொண்டுவரும் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண் ஸொஹ்ரா, மாதாமாதம் தன் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கும் நாற்பது பெண்கள். கஸாலா நிறுத்துப் பார்க்கத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் தராசுத் தட்டில் ஒருவன் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் எதை நிறுக்க?

பிராஜி போனதும் நேராக ரபி ஷூஷான் வீட்டுக்குப் போனாள். ரபி ஆளனுப்பி பிராஜியை வரவழைத்தார். இரண்டே நிமிஷப் பேச்சு.

"செருப்பு மாட்டிக்கிறியா, இல்லையா?"

"யோசிக்க நேரம் வேணும், ரபி."

"எது வரைக்கும்?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்."

அவன் வெளியேறியதும் ரபி தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டார். "மகளே, அடிச்சு மெரட்டி வாங்குற செருப்பு செல்லாது. அவனா மனசார காலை நீட்டணும். என் கையக் கட்டிப்போட்டுட்டான்."

உள்ளே ரபியின் மனைவி ஹனீனா முட்டையை மாவுத்தாளில் மடித்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சீறியது.

அன்று அந்தி சாய்ந்ததும் கஸாலா முழுக்கு வீட்டில் விளக்கேற்றினாள். மாதத் தீட்டுக் கழிந்த மனைவி இந்த மழைநீர்த் தொட்டியில் தலை முழுகாமல் கணவன் பக்கத்தில் போக முடியாது. முங்கி எழும்போது ஒரு முடிகூட வெளியே மிதக்கவில்லை என்று பார்த்து, "சுத்தம்" என்று மூன்று முறை சொல்வது கஸாலாவின் வேலை. யாருக்கு எந்த நாள் என்பது அவள் மனப்பாடம். இன்று நான்கு பேர்.

ஒருத்தியும் வரவில்லை.

விளக்கில் எண்ணெய் தீர்ந்தது. கஸாலா வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்த்தாள். மச்சினனை வேண்டாம் என்றவள் கையால் முழுக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்களா?

மறுநாள் செவ்வாய், மதியம், ஹனீனா ஒரு தட்டில் பொரித்த மடிப்புகளோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, நேத்து நான் வரவேண்டிய நாள். வரலை. ஏன்னு கேக்க மாட்டியா?"

"ஏன் அக்கா?"

"எங்க வீட்டு மனுஷரும் இதையேதான் கேட்டாரு. 'யோசிக்க நேரம் வேணும்'னேன். 'எது வரைக்கும்'னாரு." ஹனீனா ஒரு மடிப்பைக் கடித்து, மஞ்சள்கரு வழியாமல் லாவகமாக உறிஞ்சினாள். "'ஞாயித்துக்கிழமை வரைக்கும்'னேன்."

கஸாலாவுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தது. "எல்லாருமா?"

"எல்லாரும்தான். ஜெபக்கூடத்துல காலைல போய்ப் பாரு. ஆம்பளைங்க மூஞ்சி ஒண்ணொண்ணும் கோயில் இடிஞ்ச ஒம்பதாம் நாள் நோன்பு மாதிரி இருக்கு."

"பாவம் அக்கா இது. புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நான் சுவரா?"

"நீ எங்கடி நின்ன? நீ பூட்டவா செஞ்ச? வெளக்கேத்தி வெச்சுக்கிட்டுத்தானே ஒக்காந்திருக்க. வர்றதும் வராததும் எங்க காலு."

அவள் போன ஒரு மணி நேரத்தில் குலவைச் சத்தம் தெருமுனையில் கேட்டது. மணப்பெண் குமைரா. நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு முழுக்கு. அத்தைமாரும் சித்திமாரும் புடைசூழ வந்தவள், முதல் படியில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழவில்லை.

"எறங்கு கண்ணு" என்றாள் கஸாலா.

"மாட்டேன் அக்கா. உங்க செருப்பு முதல்ல."

குலவை பாதியில் நின்றது. செய்தி போய், அவள் அப்பா பிஷி மூச்சிரைக்க வந்து வாசலுக்கு வெளியே நின்று கத்தினார். தீவிலேயே பெரிய மீன் வியாபாரி.

"அடியே! கடல்ல இருந்த மீன் பூராவும் என் வீட்டு எண்ணெய்ல கெடக்கு! சார்ஸிஸ் ஊர்லேருந்து மாப்பிள்ளை வீட்டாரு எழுபது பேர் வந்து எறங்கிட்டாங்க! எறங்குடி தண்ணியில!"

"அப்பா, மாப்பிள்ளைக்கு எத்தனை தம்பி?"

"மூணு. அதுக்கென்ன?"

"ஒருத்தன் இஸ்ரேல் போறான். ஒருத்தன் பாரிஸ் போறான். மூணாமவன் எங்க போறான்னு அவனுக்கே தெரியாது. நாளைக்கு எனக்கு இந்தக் கதி வந்தா, ஒத்தைச் செருப்பைத் தேடி நான் எந்தக் கப்பல்ல ஏறுறது?"

பதில் இல்லாத ஆள் செய்வதைத்தான் பிஷியும் செய்தார். ஆட்களைத் திரட்டினார்.

"பிராஜியோட தகரக் கடைக்குப் போறாங்க!" என்று யாரோ கத்தினார்கள். "கையில துடுப்பு!"

கஸாலாவுக்கு ரபி சொன்னது சுரீரென்று உறைத்தது. அடித்து வாங்கினால் செல்லாது. இவர்கள் ஓர் அடி அடித்துவிட்டால் போதும், பிராஜி நூறு செருப்பு மாட்டினாலும் அவள் கட்டு அவிழாது.

ஓடினாள். முக்காடு நழுவியதைக்கூடப் பிடிக்காமல் ஓடினாள்.

தகரக் கடை வாசலில் பதினைந்து பேர். முன்னால் குமைராவின் மாப்பிள்ளை, கையில் துடுப்பு. பிராஜி கதவில் முதுகை ஒட்டி, தகரம் வெட்டும் கத்தரியைப் பிடித்தபடி நின்றான். கஸாலா நடுவில் புகுந்தாள்.

"எவனாவது இவன் மேல கைய வெச்சீங்க, என் கதை முடிஞ்சுது!"

"உனக்காகத்தானே அடிக்கிறோம்!" என்றார் பிஷி.

"எனக்காக அடிக்காதீங்க. அடிச்சா செல்லாது. ரபியக் கேளுங்க."

மாப்பிள்ளை துடுப்பை இறக்கவில்லை. "அப்ப ஒரே ஒரு அடி. அது எனக்காக."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சூடு தணிந்தது. கஸாலா கதவைத் திறந்து வைத்துவிட்டு, பிராஜியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

உள்ளே பெட்டி கட்டித் தயாராக இருந்தது. மூடி திறந்திருந்தது. இரண்டு தட்டு. இரண்டு தலையணை. இரண்டு தேநீர்க் கண்ணாடிக் குவளை, உடையாமல் கம்பளித் துணியில் சுற்றி. வழியெல்லாம் திரட்டிக்கொண்டு வந்த வசவு கஸாலாவின் வாயிலேயே நின்றது.

"பயமா இருக்கு அண்ணி" என்றான் பிராஜி. தரையைப் பார்த்துச் சொன்னான். "போகணும்னு ஆசை. சின்ன வயசுலேருந்து. ஆனா நான் தனியா இருந்ததே இல்லை. அண்ணன் இருந்தான். அவன் போனப்புறம் சுவருக்கு அந்தப்பக்கம் நீ பாத்திரம் உருட்டுற சத்தம் இருந்துச்சு. அங்க எனக்கு யாரு?"

"இதைச் சொல்லியிருக்கலாமேடா. 'சட்டப்படி நீ எனக்குத்தான்'னு வந்து நின்னியே?"

"சட்டத்தைச் சொன்னா கொஞ்சம் தைரியமா இருக்கு."

இருபத்தாறு வயசு ஆண்பிள்ளை. அவள் வாழ வந்தபோது பதினாலு. கஸாலா பெட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கட்டி இழுத்துக்கிட்டுப் போனா நான் வருவேன் பிராஜி. வேற வழி இல்லை, வந்துதான் ஆகணும். ஆனா தெனமும் உன் தட்டுல சோத்தைப் போடும்போது இந்த நாளை நெனைச்சுக்கிட்டே போடுவேன். அந்தச் சோறு உனக்கு எறங்குமா?"

அவன் பெட்டியில் இருந்த இரண்டு தட்டையும் பார்த்தான்.

"நீ கைய எடுத்தாத்தான் நான் போறதா இருக்கறதான்னு யோசிக்கவே முடியும்."

"எடுத்தா நீ வரமாட்டே."

ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வேலை முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. கஸாலா அதை விழுங்கினாள்.

"வராமலும் போகலாம்" என்றாள்.

வெளியே மாப்பிள்ளை, "முடிஞ்சுதா, இல்லையா?" என்றான். பிராஜி கத்தரியை ஆணியில் மாட்டினான். வாசலுக்கு வந்தான். பதினைந்து பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"ரபிகிட்ட சொல்லுங்க. நாளைக்குக் காலைல வர்றேன். நீங்க சொல்லி இல்ல. துடுப்புக்குப் பயந்தும் இல்ல."

சடங்கு நடக்கும் இடத்தை முதல் நாளே குறிக்க வேண்டும் என்பது முறை. ரபி ஷூஷான் அன்று ஓடிய ஓட்டத்தை ஹாரா அதற்கு முன் பார்த்ததில்லை.

புதன் காலை. ஜெபக்கூட முற்றத்தில் ஐந்து பேர் பெஞ்சில். பிராஜியின் வலது காலில் செருப்பு, வார்கள் கெண்டைக்கால்வரை சுற்றி முடிச்சிட்டு. கஸாலா குனிந்து வலது கையால் முடிச்சை அவிழ்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது இறுகியிருந்தது. அவன் காலை அசைக்காமல் தரையில் ஊன்றிக் கொடுத்தான். செருப்பு கழன்றது. எறிந்தாள்.

"துப்பு, மகளே" என்றார் ரபி.

வாயில் ஒன்றுமே இல்லை.

சாப்பிடாமல் துப்ப வேண்டும் என்பது முறை. நேற்று மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வாய், ஆகஸ்ட் மாதத்துத் தொட்டிபோல் வறண்டு கிடந்தது. நாக்கைச் சுழற்றினாள். மணலைச் சுழற்றுவதுபோல் இருந்தது. ஐந்து பேரும் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது. ஐந்து தாடிகளும் முன்னால் சாய்ந்தன. முற்றத்தில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. முற்றத்து வாசலுக்கு வெளியே பிஷி, "ஐயோ, என் மீன்!" என்று முனகினார்.

"அண்ணி." பிராஜி உதடு அசையாமல் பேசினான். "உப்பு எலுமிச்சை."

"என்னடா?"

"நீ போட்டது. பானை அடியில கெடக்குமே, வெயில்ல சுருங்கின கடைசித் துண்டு. அதை நெனைச்சுக்கோ. கடி. நல்லா கடி."

கஸாலாவின் தாடை கூசியது. இரண்டு பக்கமும் நீர் ஊறியது.

துப்பினாள்.

பிறகு அவள் சொல்ல வேண்டிய வேதவாசகம். தன் சகோதரன் வீட்டைக் கட்டாதவனுக்கு இப்படியே செய்யப்படும் என்ற வசனம். ஊர் முன்னால் ஒரு ஆணை அவமானப்படுத்தும் வசனம். அவள் குரல் இறங்கியது. பிராஜி இறங்கவில்லை. ஒற்றைக் கால் வெறுங்காலாக, சிப்பாய்போல நிமிர்ந்து நின்று அத்தனையையும் வாங்கிக்கொண்டான். "செருப்பு கழன்றவன்!" என்று கூட்டம் மூன்று முறை சொன்னபோதும் தலை குனியவில்லை. கஸாலா பன்னிரண்டு வருஷமாக அவனைப் பார்க்கிறாள். அவன் வளர்ந்துவிட்டான் என்று அன்றைக்குத்தான் பார்த்தாள்.

அடுத்த கால்மணியில் குமைரா தண்ணீருக்குள் இருந்தாள். அன்று அந்தியில் முழுக்கு வீட்டு வாசலில் வரிசை. முதல் ஆள் ஹனீனா.

ஞாயிற்றுக்கிழமை, பஸ் நிறுத்தத்தில், பெட்டி மேலே ஏறிய பிறகு, பிராஜி அவள் எதிரே வந்து நின்றான்.

"இப்ப கேக்குறேன் அண்ணி. வர்றியா?"

மூன்று நாளாக அவள் நிறுத்துப் பார்த்திருந்தாள். தட்டில் யார் விரலும் இல்லை. அப்படியும் சுலபமாக இல்லை.

"இல்லடா. இப்ப இல்ல. நாற்பது பொம்பளைங்க எனக்காக வீட்டுல சண்டை போட்டிருக்காங்க. அவங்க கையை விட்டுட்டு நாலாம் நாளே பஸ் ஏற எனக்கு மனசு வரலை."

அவன் தலையாட்டினான். "எழுதுறேன்."

"எழுது. நல்லா இருந்தா எழுது, வரலாமான்னு யோசிக்கிறேன். மோசமா இருந்தா உடனே எழுது, அடுத்த கப்பல்ல வர்றேன்."

"அப்ப மோசமாத்தான் எழுதப்போறேன்."

"பொய் எழுதினா எனக்குத் தெரியும். ஏறு, டிரைவர் முறைக்கிறான்."