சிவப்புப் பட்டைகள் ஆறு

பேருந்தில் குடையை மறந்துவிட்டுப் போவதுபோல மனிதர்கள் விமானத்தையும் மறந்துவிடுவார்கள். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. வசதியுள்ள ஒருவன் ஆசைப்பட்டுப் பழைய விமானம் ஒன்றை வாங்குவான். வைக்கோல் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடுவான். பிறகு செத்துப்போவான். முப்பது வருடம் கழித்துப் பிள்ளைகள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, இது என்ன சனியன் என்பார்கள். அப்போது எங்கள் தரகருக்குப் போன் வரும்.

தரகர் அவற்றைத் துடைத்து, படமெடுத்து, பட்டியல் போட்டு விற்பார். பட்டியல் போடுவது நான். துடைப்பது என் அம்மா. அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். நாலு வீட்டில் பாத்திரம் கழுவி என்னைப் பட்டதாரி ஆக்கினாள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் என்னிடம் சொல்லிக்காட்டுவார்கள், ஏதோ நான் அதை மறந்துபோனதுபோல. அந்த நாலு வீட்டிலிருந்தும் அவளை நிறுத்திவிட வேண்டும் என்பது என் வெறி. நிறுத்தினேன். நிறுத்தி இங்கே கொண்டுவந்தேன்.

அந்த முறை நாங்கள் போன கொட்டகையில் நான்கு விமானங்கள் இருந்தன. மூன்று, மூக்கில் காற்றாடி வைத்தவை. அவற்றின் இறக்கைகளைக் கழற்றிக் கதவுப் பலகைபோலச் சுவரில் சாத்தியிருந்தார்கள். நான்காவது, ஒரு காலத்தில் ராணுவத்தில் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக வைத்திருந்த ஜெட் விமானம். முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை. மேலே மூடும் கண்ணாடிக் கூண்டைக் கழற்றி வைக்கோலில் வைத்திருந்தார்கள். ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும். இருக்கைக்கு நேர் மேலே, எழுந்து நின்றால் தலையில் இடிக்கும் உயரத்தில், கூரையின் இரும்பு உத்தரம் போனது.

முதல் நாள் மாலை தரகர் அதைப் படமெடுத்தார். இரண்டு இருக்கைகளிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்புத் துணிப் பட்டைகள் தொங்கின. மொத்தம் ஆறு. ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் இரும்பு ஊசி இருக்கைக்குள் செருகியிருந்தது.

"இது என்ன, துணி காயப்போட்ட மாதிரி இருக்கு," என்றார் தரகர். "படமே கெட்டுப்போகுது. எதுக்கு இது?"

பட்டையில் எழுதியிருந்ததை வாசித்தேன். "பறக்குறதுக்கு முன்னாடி எடுத்துடணும்னு போட்டிருக்கு."

"எடுத்துடணும்னு அவனே சொல்றான்ல. எடு."

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆறையும் ஊசியோடு உருவி அவர் கையில் கொடுத்தேன். ஒரு டப்பாவில் போட்டுக் காருக்கு எடுத்துப்போனார். பட்டியலில் எழுதினேன்: சிவப்புப் பட்டைகள் ஆறு, பழையவை, பயனற்றவை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். தரகர் யாரையோ பார்க்கப் போயிருந்தார். அம்மா ஜெட்டின் முன் இருக்கையில் ஏறித் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கீழே ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, விமானத்தோடு கிடைத்த காகிதக் கட்டுக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அட்டையில் கோணி ஊசியால் ஓட்டை போட்டு, நூல் கோத்து, ஒவ்வொரு பொருளுக்கும் எண் கட்டித் தொங்கவிட வேண்டும். அதுதான் என் படிப்புக்குக் கிடைத்த வேலை.

கட்டில் ஒரு புத்தகம் இருந்தது. எத்தனை பக்கம் என்று எண்ணப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் அந்த இருக்கையின் படம் இருந்தது. விமானம் விழப்போகிறது என்றால் ஓட்டுகிறவன் தொடைகளுக்கு நடுவில் இருக்கும் மஞ்சள் கறுப்புப் பிடியை மேலே இழுக்க வேண்டும். இருக்கைக்கு அடியிலுள்ள வெடிமருந்து அவனை இருக்கையோடு வானத்தில் தூக்கி எறியும். கீழே பெரிய எழுத்தில் இருந்தது: தரையில் நிற்கும்போது ஊசிகள் எல்லாம் செருகியே இருக்க வேண்டும். ஊசி இல்லாத இருக்கையில் எக்காரணம் கொண்டும் உட்காரக் கூடாது.

இரண்டாம் முறை வாசித்தேன். 

"அம்மா," என்றேன்.

"என்னடி."

"அம்மா, கொஞ்சம் அசையாம இரு."

"ஏன், பல்லியா?"

"இல்லம்மா. சும்மா இரு. அங்கேயே உக்காரு."

மேலே துடைக்கும் சத்தம் நின்றது. "நீ எப்பவும் கத்துவ. இவ்வளவு மெதுவா பேசினா எனக்குப் பயமா இருக்கு. பாம்பா? பாம்புன்னா சொல்லித் தொலை."

"பாம்பு இல்ல. கையை மடியில வச்சுக்கோ. நான் வரேன்."

ஏறும்போதே தரகருக்குப் போன் போட்டேன். ஒரு கையால் ஏணி, ஒரு கையால் போன். நடந்ததைச் சொன்னேன். "முப்பது வருஷமா கொட்டகையில கிடந்த மருந்து, அது எப்பவோ நமுத்துப் போயிருக்கும்மா," என்றார். "அம்மாவை இறங்கச் சொல்லு, முடிஞ்சது கதை. வந்துக்கிட்டேதான் இருக்கேன்." வைத்துவிட்டார்.

பழைய மருந்து நமுக்கும் என்று புத்தகத்தில் இல்லை. பழசானால் எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது, தொடாதே என்று இருந்தது.

ஏணியின் உச்சிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அம்மா, தரகர் கொடுத்திருந்த நீல வேலைக்கோட்டில், மூட்டையைச் சாய்த்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு சுற்றுப் பெரிய கோட்டு. அதன் துணி பெல்ட்டை அவள் இடுப்பைச் சுற்றி இறுக்கி, மிச்சத்தை அந்த மஞ்சள் கறுப்புப் பிடிக்குள் விட்டு முடிச்சுப் போட்டிருந்தாள். பெல்ட் விறைப்பாக நின்றது.



"என்ன பாக்குற? உயரம்னாலே எனக்குத் தலை சுத்தும்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். "எட்டித் தொடைக்கும்போது விழுந்துட்டா யாரு பாக்குறது? அதான் கட்டிக்கிட்டேன். இதுலயே உருப்படியா இருக்குறது இந்தப் பிடி ஒண்ணுதான். நேத்து இதைப் பிடிச்சு இழுத்துத்தான் எழுந்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு."

நேற்று ஊசி இருந்தது. நேற்று அவள் தன் முழு எடையையும் போட்டு அந்தப் பிடியை இழுத்து எழுந்திருக்கிறாள். ஒரு விரல் நீள இரும்பு அவளைத் தாங்கிக்கொண்டது. அதன் பிறகுதான், சாயங்காலம், நான் அதை உருவினேன். படம் நன்றாக வரவில்லை என்பதற்காக.

"இன்னைக்கு எழுந்திருக்க வேண்டாம்மா," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. "இந்தச் சீட்டுக்குக் கீழ வெடி இருக்கு. அந்தப் பிடியை மேல இழுத்தா வெடிக்கும். நீ எழுந்தா அது மேல வரும்."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து முடிச்சைப் பார்த்தாள். கையை அதை நோக்கிக் கொண்டுபோனாள்.

"தொடாத."

கை நின்றது. "வெடிச்சா?"

நான் மேலே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவளும் பார்த்தாள். இரும்பு உத்தரத்தில் புறா எச்சம் வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது.

"ஆத்தாடி," என்றாள், மிக மெதுவாக. பிறகு, "உங்க அப்பனுக்கு வாழ்க்கைப்பட்டப்பவே உக்கார்ற இடம் சரியில்லன்னு தெரிஞ்சுது எனக்கு."

நான் சிரிக்கவில்லை. அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை. பயந்தால் அவளுக்கு வாய் நிற்காது. காய்ச்சலில் எனக்கு நினைவு தப்பிய அன்றைக்கும் ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவள் அவள்.

கத்தரிக்கோல் என் சட்டைப் பையில் இருந்தது. நூல் வெட்டுகிற மொண்ணைக் கத்தரி. பெல்ட்டோ தடிமனான துணி. கத்தரியை வைத்து அறுத்தால் ஒவ்வொரு அறுப்புக்கும் பிடி ஆடும். முடிச்சை அவிழ்ப்பது அதைவிட மோசம். பாத்திரம் தேய்த்த கையால் போட்ட முடிச்சு; எங்கள் வீட்டில் அம்மா கட்டின மூட்டையைப் பல்லால்தான் அவிழ்ப்போம். முதலில் பிடியைப் பூட்ட வேண்டும். பூட்ட ஊசி வேண்டும். ஊசிகள் தரகரின் காரில்.

படத்தை நினைத்துப் பார்த்தேன். பிடி பொருந்தியிருக்கும் இரும்புக் கூட்டில், வலது பக்கம், துளை. அதில்தான் ஊசி இருந்தது. பென்சில் நுழையாது. ஆணி இருந்தால்... என் கையைப் பார்த்தேன். ஏணி ஏறும்போது எதையும் கீழே வைக்கத் தோன்றவில்லை போலும். கோணி ஊசி விரல்களுக்கு நடுவில் இருந்தது, நூலோடு.

"அம்மா, நான் உன் மடி மேல சாயப் போறேன். மூச்சை மெதுவா விடு."

"எத்தனை நேரம்டி? கால் மரத்துப்போச்சு."

"இருக்கட்டும்."

"இருக்கட்டுமாம். கால் உன்னுதா?"

விளிம்பின் மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்தேன். என் தலை அவள் தொடைமேல் இருந்தது. கோட்டில் மண்ணெண்ணெய் வாடை. கன்னத்தில் பெல்ட் உரசியது. துளை தெரிந்தது. அதன் வாயில் மெழுகுபோல அழுக்கு. நேற்று ஊசி போன வழி மட்டும் பளபளப்பாக இருந்தது. ஊசிமுனை துளைக்கு இடதும் வலதும் இரும்பில் டிக் டிக் என்று தட்டியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் தொடை இறுகியது.

"பாப்பா," என்றாள். என்னை அப்படிக் கூப்பிட்டுப் பத்து வருடம் இருக்கும். "தும்மல் வருது."

"வேண்டாம்மா."

"நான் என்ன வேணும்னேவா தும்மலைக் கூப்பிட்டேன்? தூசி."

"மூக்கைப் பிடி. மெதுவா. முழங்கையை என் மேல இடிக்காத."

அவள் கை என் தலைக்கு மேலாகப் போனது. மூக்கைப் பிடித்துக்கொண்டாள். அவள் வயிறு ஒரு முறை எழும்பியது, பெல்ட் இழுத்தது, பிடி அசைந்ததை என் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பார்த்தேன். ஒரு நெல்மணி அளவு அசைவு. நான் கண்ணை மூடவில்லை. மூடத் தெரியவில்லை. இனி ஒன்றும் இல்லை என்ற நினைப்புகூட வரவில்லை. என் சட்டையின் தளர்ந்த கழுத்துப் பட்டன் கீழே விழுந்துவிடுமோ என்றுதான் நினைத்தேன்.

தும்மல் வரவில்லை. அவள் வயிறு தாழ்ந்தது, பிடியும் தாழ்ந்தது. அந்த நொடியில் ஊசி உள்ளே போனது. பாதிவரை. பிறகு கட்டை விரலால் அழுத்தினேன், முழுதும்.

"போயிடுச்சு," என்றேன்.

"எது?"

"அசையாத. இன்னும் இருக்கு."

கத்தரியை எடுத்தேன். பெல்ட்டின் ஓரத்தில் ஆரம்பித்து இழை இழையாக வெட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசி இழை விட்டபோது இரண்டு முனையும் தளர்ந்து தொங்கின. அம்மா எழுவதற்குப் பிடி தேடித் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனாள். அங்கே இருக்கையின் தலைமாட்டில் இன்னும் இரண்டு பிடிகள் இருந்தன, அதே மஞ்சள் கறுப்பு. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நகம் பதிந்திருக்கும்.

"என்னைப் பிடி. என்னை மட்டும் பிடி."

என் இரு தோளையும் பிடித்து எழுந்தாள். ஏணி முனகியது. மரத்துப்போன காலை நானே தூக்கி விளிம்புக்கு வெளியே எடுத்து, படியில் வைத்தேன். ஒவ்வொரு படியாக, நான் கீழே, அவள் மேலே, இறங்கினோம். மண்ணில் கால் வைத்ததும் அவள் நேராக நடந்து கொட்டகைக்கு வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டு தும்மினாள். ஏழு தும்மல்.

பிறகு கேட்டாள். "அந்தப் புஸ்தகத்துல ஊசி இருக்கணும்னு போட்டிருக்குன்னா, இருந்த ஊசி எங்க போச்சு?"

தரகர் எடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அவளால் எதையும் வாசித்துச் சரிபார்க்க முடியாது என்பதை வைத்து நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன்.

"நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"படத்துல நல்லா இல்லன்னு சொன்னார். எடுத்துட்டேன். என்னன்னு கேக்கல."

அவள் அறுந்த பெல்ட்டை இடுப்பிலிருந்து உருவிச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

தரகரின் கார் வந்தது. எங்கள் இருவரையும் முழுசாகப் பார்த்ததில் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலையே. மருந்தெல்லாம் செத்துப் பல வருஷம் ஆச்சு. நானே உக்காந்து காட்டுறேன், அப்பதான் உங்களுக்கு நம்பிக்கை வரும். பன்னெண்டு மணிக்கு வாங்குற பார்ட்டி வருது, அவரும் ஏறிப் பாக்கணும்னு சொல்லியிருக்கார்."

"ஊசியை எல்லாம் கொடுங்க, சார். போலீசுக்குப் போன் பண்ணப் போறேன்," என்றேன்.

"போலீசா? உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

அவர் கொட்டகைக்குள் போய் ஏணியில் கால் வைத்தார். எனக்கு முன்னால் அம்மா போனாள். நொண்டிக்கொண்டே போய், "கொஞ்சம் தள்ளுங்க, மொதலாளி," என்று மரியாதையாகச் சொல்லி, ஏணியைச் சாய்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அவர் ஒரு கால் காற்றில் நிற்கத் தடுமாறினார். அம்மா ஏணியை மண்ணில் கிடத்தி அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ படிச்சவ, அவளே தப்புப் பண்ணிட்டேங்கிறா," என்றாள் அவரிடம். "நீங்களும் நானும் எம்மாத்திரம்? தெரிஞ்சவங்க வரட்டும்."

நான் ஏணியின் மறுமுனையில் உட்கார்ந்து போன் போட்டேன். பின்னால் ஊசி இல்லாத இன்னொரு இருக்கை இருந்தது. முன் இருக்கையில் கோணி ஊசி ஒரு துளையைத்தான் அடைத்திருந்தது.    அம்மா என் பக்கம் திரும்பவில்லை. காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

மறுமுனையில் இருந்தவர் இடத்தைக் கேட்டார், விமானத்தைக் கேட்டார், யார் ஊசியை எடுத்தது என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தரகர் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"இப்ப அந்தச் சீட்ல யாராவது உக்காந்திருக்காங்களா?"

தெரியும். இருந்தும் திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் இல்லை என்றேன்.