ஏழாவது குழியின் அம்பு

மலைமேல் இருக்கும் அந்தத் தனியார் கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டுக் குழிகள். மற்ற பதினேழைப் பற்றி உறுப்பினர்கள் பேசுவார்கள். ஏழாவதைப் பற்றிப் புலம்புவார்கள். குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்திட்டு, அவர்கள் பாஷையில் கிரீன், பார்வைக்கு மலைப்பக்கம் சரிந்திருக்கும். பந்தை உருட்டினால் கூச்சமே இல்லாமல் பள்ளத்தாக்குப் பக்கம் போகும். பெரிய மனிதர்கள் எத்தனையோ பேர் அங்கே மூக்குடைபட்டிருக்கிறார்கள்.

அந்த கிரீனை புல்டோசரால் செதுக்கியவள் ரசமட்டம். கொத்தனார் கையிலிருக்கும் கருவி இல்லாமல் கண்ணாலேயே மட்டம் பார்ப்பாள் என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே, "ஏழாவது என் கை" என்பாள். மைதானத்தில் புல்வெட்டி ஓட்டும் அவள் புருஷன், "ஆரம்பிச்சாச்சா" என்று எழுந்து போய்விடுவார்.

முப்பதாம் ஆண்டுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் போட கிளப் முடிவு செய்தது. அதற்காகப் பழைய வரைபடங்களைப் பிரித்த புது மைதான டிசைனர், ரசமட்டத்தை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"வரைபடத்துல ஏழாவதோட அம்பு மலைப்பக்கம் பார்க்குது. தரை எதிர்ப்பக்கம் சரியுது. அன்னிக்கு யாரோ தப்பாக் கட்டிட்டாங்க. காலமான டிசைனர் வரைஞ்சபடியே மாத்திடலாம். திங்கட்கிழமை உங்க மெஷினைக் கொண்டு வாங்கம்மா."

அவள் குனிந்து பார்த்தாள். இந்த வேலைக்கு வருமுன் அவள் வீடு கட்டுமிடங்களில் மண் தள்ளியவள். வீட்டு வரைபடத்தில் மாடிப்படியின் அம்பு ஏறும் திசையைக் காட்டும். மைதான வரைபடத்திலோ அது தண்ணீர் இறங்கும் திசை. மற்ற குழிகளில் மேஸ்திரி பக்கத்தில் நின்று சொன்னார். ஏழாவதைக் கட்டிய அன்று அவருக்குக் காய்ச்சல். அன்று அவள் அம்பைத் தலைகீழாகப் படித்திருக்கிறாள். இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டதெல்லாம் ஒரு தப்பைத்தான்.

சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள்.

"யாரோன்னுதானே சொன்னாரு? அந்த யாரோவாவே இருந்துட்டுப் போ. இடிச்சுட்டா உன் பேரும் கெடாது."

"கிரீன் போயிடுமே."



திங்கட்கிழமை டிசைனரும் கிளப் தலைவரும் ஏழாவதில் காத்திருந்தார்கள். ரசமட்டம் புல்டோசரோடு வரவில்லை. இரண்டு வாளித் தண்ணீரோடு வந்தாள். பின்னால் புருஷன், இன்னும் இரண்டோடு.

"இதைக் கட்டினது நான்தாங்க. அம்பை மாடிப்படி அம்புன்னு நெனச்சுட்டேன்," என்றாள். குரல் நடுங்கவில்லை. "இடிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை பந்தை உருட்டிப் பாருங்க."

டிசைனர் உருட்டினார். சரிவு எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தும் கண் கையைக் கெடுத்தது. மூன்று தடவையும் பந்து குழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தலைவர் இருமல் மாதிரி சிரித்தார்.

அவள் மலையோரம் நின்று நான்கு வாளியையும் கவிழ்த்தாள். தண்ணீர் கிரீனைக் கடந்து பள்ளத்தாக்கில் இறங்கியது.

"வரைஞ்சபடி கட்டியிருந்தா மலைத்தண்ணியும் கிரீன் தண்ணியும் இங்கேயே சேரும். அடியில பாறை, வாய்க்கால் வெட்ட முடியாது. ஒரு மழைக்காலம் தாங்காது சார்."

டிசைனர் ஈரப் புல்லை மிதித்துப் பார்த்தார். பிறகு வரைபடத்தைச் சுருட்டினார்.

"இடிக்க வேண்டாம். பழைய டிசைனரே யோசிச்சு மாத்தினார்னு புத்தகத்துல எழுதிடுறேன். உங்களுக்கும் சங்கடம் இல்ல."

"எனக்கென்ன சங்கடம்?" என்றாள் ரசமட்டம். "தப்புன்னே எழுதுங்க. யாரோட தப்புன்னும் எழுதுங்க."

டிசைனர் பேனாவை எடுத்து, "ரசமட்டம்," என்று எழுதப் போனார். எப்போதும் எழுந்து போகிற புருஷன் காலி வாளிகளைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"அப்படிப் போட்டா வெளியில யாருக்கும் தெரியாதுங்க. முழுப் பேரை நான் சொல்றேன், எழுதிக்குங்க."