நாலு கோடி இலக்கமும் கோதையும்

கோதைக்கும் கணக்குக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஏழாம் பொருத்தம். அப்பேர்ப்பட்டவள் நாற்பத்தொரு நாளாக ஒரு எண்ணுக்காக விளக்கேற்றிக் கும்பிட்டாள் என்றால், எல்லாம் கணவன் ராம்பிரசாத்துக்காகத்தான்.

ஜூனில் அவனுக்கு வேலை போயிற்று. அவர்கள் குடியிருந்த பாணேரில் வீட்டுக்கு வீடு ஐடிக்காரர்கள். லிஃப்டில் யாரையும் பார்க்கக் கூசிக்கொண்டு இரண்டு மாதம் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்தபடி கிடந்தான். அப்புறம், உலகமெங்கும் ஆட்கள் கூடி மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் திட்டம் ஒன்றில் சேர்ந்தான். அவன் பங்குக்கு வந்த எண், பதின்மூன்றரைக் கோடிக்கும் அதிகமான இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தது. எழுதினால் நாலு கோடி இலக்கத்தைத் தாண்டும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் அது வகுபடாதா என்று வீட்டுக் கம்ப்யூட்டர் இரவு பகலாகச் சோதித்தது. ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்ப்பதல்ல, அது ஒரு சுற்றுவழிக் கணக்கு; அதன் கடைசியில் மீதி பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் மனுஷன் மறுபடியும் சுவரைப் பார்க்க உட்கார்ந்துவிடுவானே என்பதுதான் கோதையின் பயம்.

ஆயுத பூஜை வந்தது. ராம்பிரசாத் பூ வாங்கப் போயிருந்தான். கோதை மிக்ஸி, கிரைண்டர் என்று ஒவ்வொன்றாக ப்ளக்கைப் பிடுங்கி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். வருஷா வருஷம் செய்து பழகிய கை, கம்ப்யூட்டரையும் விட்டுவைக்கவில்லை. பொட்டு வைத்து நிமிர்ந்தபோதுதான் அறை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருப்பது உறைத்தது. முந்தின நாளே தொண்ணூற்றொன்பது சதவீதம் முடிந்திருந்தது. பிடுங்கிய ப்ளக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள்.

அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ராம்பிரசாத் சிரித்துவிட்டான். அரை மணிக்கொரு தரம் அது தானே சேமித்துக்கொள்ளும், போனது இருபது நிமிஷ வேலைதான் என்று சொல்லி, பொட்டு அழியாமல் மறுபடி ஓடவிட்டான். சுண்டல் ஆறியது. சரஸ்வதியும் காத்திருந்தாள்.

பகல் ஒரு மணிக்கு விடை வந்தது. பூஜ்யம் இல்லை. கோதை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அழாத கோதை. இதுவும் ஒரு விடைதான். இனிமே யாரும் இந்த எண்ணுக்காக மெனக்கெட வேண்டாம். வேடிக்கை என்னன்னா, வகுபடும்னு மட்டும்தான் தெரியும். எதால வகுபடும்னு யாருக்கும் தெரியாது."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"லட்சத்துல ஒண்ணுகூடத் தேறாதுன்னு தெரிஞ்சுதானே உக்காந்தேன்."

அப்படியானால் எதற்கு இத்தனை நாள் என்று அவள் கேட்டாள். ராம்பிரசாத் பூவைக் கிள்ளிக்கொண்டே சொன்னான்.

"வேலை போனதுலருந்து நீ எங்கிட்ட எதையும் கேக்கறதே இல்ல. கேட்டா மனசு நோகும்னு. இது ஓட ஆரம்பிச்சப்புறம்தான் தினமும் காலையில வந்து, எவ்வளவு ஆச்சுன்னு கேட்ட. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

கோதைக்குச் சுருக்கென்றது. நோகக் கூடாதென்று பார்த்துப் பார்த்து நடந்து, மனுஷனைத் தனியாக விட்டிருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜூனிலிருந்து நாக்கு நுனியிலேயே நின்றிருந்ததைக் கேட்டாள்.

"அன்னைக்கு ஆபீஸ்ல உங்களக் கூப்பிட்டு என்னதான் சொன்னாங்க?"

ராம்பிரசாத் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான்.