ஒன்பதாவது குழியில் ஒரு கொழுந்து

தலவாக்கலைக்கு மேலே இருக்கும் அந்த இடத்தைக் கோல்ஃப் கிளப் என்று சொன்னால், பெரிய கோல்ஃப் மைதானம் வைத்திருக்கும் நுவரெலியாக்காரர்கள் சிரிப்பார்கள். ஒன்பதே குழி, தகரக் கூரை, தேய்ந்துபோன வாடகை மட்டைகள். சந்தா கட்டுகிற எவரும் உள்ளே வரலாம். கணக்கு டீச்சர் யூஜினா நாலு வருடமாக வருகிறார். ஆண்டுப் போட்டியில் ஜெயிப்பவரின் பெயரை அங்கே பலகையில் எழுதுவார்கள். துரைமார், டாக்டர்மார், முதலாளிமார் என்று நிறையப் பெயர். யூஜினாவைப் போலத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. அவருக்கு அந்தப் பலகை மேல் ஒரு கண். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

இந்த வருடம் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். எதிரே ஹார்ட்வெயார் கடை கஜேந்திரன். நல்ல மனுசன், வாய்தான் ஓயாது. எட்டுக் குழி முடிந்தபோது இருவரும் சமம். ஒன்பதாவதில் யூஜினா அடித்த பந்து ஓரமாக உருண்டு, ஒரு தேயிலைச் செடியின் அருகில் நின்றது.

அடிக்க முடியாத இடமொன்றும் இல்லை. குனிந்து பார்த்தார். பந்துக்கு மேலே ஒரு கொழுந்து நீட்டிக்கொண்டிருந்தது. பதினெட்டு வயது வரை பள்ளி லீவிலெல்லாம் மலையில் கொழுந்தெடுத்த கை அவருடையது. அது யாரைக் கேட்டது? இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளி, தோளுக்கு மேலே பின்னால் எறிந்துவிட்டது. முதுகில் கூடை இல்லாததால், கொழுந்து பின்னால் வந்த கஜேந்திரனின் சப்பாத்துக் காலில் விழுந்தது.

வளர்ந்து நிற்கும் எதையும் ஒடித்துப் பந்துக்கு வழி செய்யக் கூடாது. செய்தால் அந்தக் குழி எதிராளிக்கு. இது இருவருக்கும் தெரியும்.

கஜேந்திரன் சுற்றுமுற்றும் பார்த்தார். "பழக்கதோசந்தானே டீச்சர். நான் ஒண்ணும் பாக்கல. நீங்க அடிங்க."

யூஜினாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. மட்டையை ஓங்கக்கூடச் செய்தார். பிறகு இறக்கிவிட்டு, "குழி உங்களுக்குங்க" என்று கை கொடுத்தார்.

கிளப் செயலாளர் அலோசியஸ் குறிப்பேட்டோடு வாசலிலேயே நின்றார். "கடைசியில எப்படிங்க டீச்சர் தோத்தீங்க?"

கஜேந்திரன் முந்திக்கொண்டார். "பந்து தேயிலைக்குள்ள மாட்டிக்கிச்சுங்க, பாவம்."

மானத்தைக் காப்பாற்றுகிறாராம். தோற்றதைவிட இதுதான் யூஜினாவுக்குச் சுருக்கென்றது.

"பந்து நல்லாத்தான் கெடந்துச்சு," என்றார். "நான் கொழுந்து பறிச்சேன். அப்படியே எழுதிக்கங்க."