இருவிரல் நகர்ந்த படித்துறை

கீழ்வானின் விளிம்பிற் பிறந்த செம்மை மெல்ல மெல்ல நீரில் இறங்கிக் கழிமுகத்தின் அகன்ற பரப்பை உருக்கிய செம்பெனத் தகதகக்கச் செய்ய, நெடுந்தொலைவு அலைந்து களைத்த கடற்காற்று தெருத்தெருவாக நுழைந்து சாத்திய கதவுகளை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலைப்பொழுதில், அம்மாநகரின் கரையோரக் குடியிருப்பு கண்விழிக்கத் தொடங்கியிருந்தது. முன்னாளில் கப்பற்சரக்கு அடுக்கிய செங்கற் கொட்டகைகள், ஆற்றுக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்த நெடுநாட் பிணக்கை விட்டொழித்து, புதிதாய்த் திறந்த சாளரங்களால் நீரை நோக்கி நின்றன. அவற்றிடையே ஓடிய சந்துகளோ அளவுகோலுக்கு அடங்கிப் பிறந்தவை அல்ல; துணி வெளுப்போர் வெயில் கேட்ட இடத்தில் வெளியாக விரிந்தும், உருளை நாற்காலியிற் செல்லும் தையற்காரியின் பொருட்டுப் படிகளைத் துறந்து சரிவாகத் தாழ்ந்தும், சுமை இறக்கித் திரும்புவோர் நின்று மூச்சு வாங்கும் முனைகளிற் கல்லிருக்கை ஏந்தியும், அங்கு வாழ்வோரின் நடையையும் நோவையும் நன்கறிந்த உறவினர் போல வளைந்து வளைந்து சென்றன.

இவ்வழகு தானாக வந்ததன்று. அந்தக் கரையோரத்தைச் செல்வர்களின் வானளாவிய மாடங்களுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தோரை ஊர்ப்புறத்துக் கட்டாந்தரைக்கு ஏற்றியனுப்ப நகர்மன்றம் முடிவு செய்திருந்தது ஒரு காலம். அதுவரை குழாயடியிற் குடத்துக்குக் குடம் முட்டிக்கொண்டிருந்த அதே மக்கள், அச்செய்தி கேட்ட நாள்முதல் ஒரே குரலாய்த் திரண்டு, மன்றத்தின் வாயிலில் மழையிலும் வெயிலிலும் நான்காண்டுகள் நின்று, தம் குடியிருப்பைத் தாமே வரைந்துகொள்ளும் உரிமையைப் பெற்றனர். பதினொருவர் கொண்ட குழு அமைந்தது. அடுமனை நடத்திய பருத்த மனிதர் ஒருவர் அதற்குத் தலைவரானார். கைவிடப்பட்ட எடைக்கூடத்தில் ஓய்வுநாள்தோறும் அவர்கள் கூடினர். நீண்ட பலகையொன்றின்மேல் மரத்துண்டுகளையும் ஓட்டுச் சில்லுகளையும் வைத்துக் குடியிருப்பு முழுவதையும் சிறுவடிவிற் சமைத்தனர். விரும்பியவர் எவரும் வந்து தம் வீட்டைத் தள்ளி வைக்கலாம். “அடுப்படிக்கு எதிர்லயே கழிப்பறையா? எந்தப் புண்ணியவான் வச்சது இது?” என்று ஒருத்தி உரக்கக் கேட்க, வைத்த புண்ணியவான் தலை கவிழ்ந்து அதனை நகர்த்த, கூடமே குலுங்கி நகைத்த நாள்கள் அவை.

அப்பலகையின் மேலிருந்த ஆசைகளை எல்லாம் கோடுகளாக்கித் தாளில் இறக்கும் பொறுப்பு அக்குழுவிலிருந்த வரைவாளர் ஒருவரிடம் இருந்தது. கட்டட அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பிறர் வாழும் மாளிகைகளை வரைந்துவிட்டு, மாலையானதும் எதிர்ச்சுவரைத் தவிர வேறெதனையும் காட்டாத ஒற்றைச் சாளர அறைக்குத் திரும்பிய மனிதர் அவர். ஒல்லியான உடல், காதிற் செருகிய எழுதுகோல், தம் தேநீரை மற்றொருவர் கணக்கிற் குடிக்காத நேர்மை. அளவுகோலின்றியே பிழையாத கோடிழுக்கும் கையும், பொய்யறியாத நாவும் உடையவர் என்று ஊரார் அவருக்கு ‘நேர்கோட்டார்’ என்று பெயர் வைத்திருந்தனர். முதலில் அதற்கு நாணிய அவர், நாளடைவில் அப்பெயரைப் புதுச்சட்டை போல விரும்பி அணியத் தொடங்கினார்.

கரையோரத்தில் வீடற்ற பதினெட்டுக் குடியினர் படகுகளிலேயே வாழ்ந்து வந்தனர். ஆளையும் சரக்கையும் அக்கரை சேர்ப்பது அவர்கள் தொழில். அவர்களுள் ஓர் ஓடக்காரி, முதிய தந்தையோடு ஒரு படகிற் குடியிருந்தவள், ஒருநாள் எடைக்கூடத்துக்கு வந்து பலகையை நெடுநேரம் உற்று நோக்கி, ஆறு முழங்கையாய் மடியும் இடத்தில் ஓர் ஓட்டுச் சில்லை அழுத்தி வைத்தாள். “எங்க படித்துறை இங்க வரட்டும். இங்கதான் தண்ணி தூங்கும்” என்றாள். அனைவரும் கைதூக்கினர். படித்துறையும், குழாயும், குளிக்க இரண்டு அறைகளும் அவ்விடத்தே அமைவதென்று முடிவாயிற்று. வரைவாளரும் கைதூக்கியவரே.

பின்னர் வீடுகளுக்குத் திருவுளச்சீட்டு எடுத்தபோது, அவருக்கு விழுந்தது முதல் மாடியில் மூன்றாம் வீடு. அதன் சாளரம் நேராக ஆற்றின் மடிப்பை நோக்கியது. “நெசமாவே தண்ணி தெரியுமா?” என்று அவர் மனைவி நான்குமுறை கேட்டாள், நான்குமுறையும் அவர் தெரியுமென்றார். ஆனால் அன்றுமுதல், படகுகளின் கயிறுகளில் ஈரத்துணி ஆடுவதும், அடுப்புப்புகை எழுவதும், கலத்துக்குக் கலம் கூவிச் சண்டையிடுவதும் அவர் கண்முன் வந்து வந்து நின்றன. வாழ்நாளில் முதன்முறையாகத் தமக்கென வாய்த்த காட்சியில், அவ்வேழைகள் தூசி போல விழுந்து உறுத்தினர். இறுதிப் படியை வரைந்த ஒரு நண்பகலில், உணவுவேளையாதலால் அலுவலகம் ஆளற்றிருக்க, அவர் அழிப்பானை எடுத்தார், படித்துறையைத் துடைத்தார், தாளில் இருவிரல் வடக்கே தள்ளி மீண்டும் வரைந்தார். நிலத்தில் அது நூற்றிருபது அடி தொலைவு. பழைய கொட்டகையின் பின்னே, பெருவடிகால் ஆற்றில் வந்து விழும் இடம் அது. ஓரத்தில், எறும்பின் கால் போன்ற சிற்றெழுத்தில், ‘நீரோட்டம் கருதி மாற்றப்பட்டது’ என்று எழுதினார். அவர் கை வரைந்த கோடுகளுள் அதனினும் நேரானது வேறில்லை. அவர் கை எழுதிய சொற்களுள் அதனினும் கோணலானதும் வேறில்லை.

தலைவரின் கையெழுத்து வாங்கும் நாள் வந்தது. ஓடக்காரி அன்று அக்கரைக்குச் சவாரி போயிருந்தாள். தலைவரோ அடுமனையிலிருந்து மாவு படிந்த கையோடு ஓடிவந்து, தாளை விரித்துக்கூடப் பாராமல் ஒப்பமிட்டார். “ஒருதரம் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கண்ணே” என்றார் வரைவாளர், உள்ளத்தின் ஏதோ ஒரு மூலையில் தாம் பிடிபட வேண்டுமென்ற வேட்கையோடு. “நீங்க போட்ட கோட்ட நான் பாக்கறதா? அப்புறம் உங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு?” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார் அவர். தாளின் ஓரத்தில் தலைவரின் வெள்ளை விரற்பதிவு ஒட்டிக்கொண்டது. துடைத்தும் அது முழுதும் போகவில்லை.

வீடுகள் எழுந்தன. குடிபுகுந்த நாளில் மனைவி சாளரத்தின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, நீர்மேல் வெயில் நடப்பதைக் கண்கொட்டாமற் பார்த்துக்கொண்டிருந்தாள். படகினரும், நீரோட்டம் கற்றவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று முணுமுணுப்பின்றி வடக்கே சென்று கலங்களைக் கட்டினர். ஓராண்டு இன்பமாகவே கழிந்தது. குற்றம் உறுத்தாத இன்பம் அது என்று சொல்வதற்கில்லை, உறுத்தலுக்கு ஆளே பழகிவிட்ட இன்பம் எனலாம்.

மறு ஆண்டு மாரியில் மூன்று நாள் விடாது பெய்தது. நான்காம் நாள் பட்டப்பகலில், நகரத்தின் நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு பெருவடிகால் மதங்கொண்ட களிறெனப் பாய்ந்துவர, அதே வேளையில் கடலேற்றமும் எதிர்த்து நின்றது. இரண்டும் மோதிய சுழல் சரியாகப் படித்துறையின் அடியில் விழுந்தது. படகுகள் ஒன்றையொன்று இடித்துக் கல்லில் அறைந்தன. தன் கலத்தைத் தள்ளிப் பிடிக்க முயன்ற ஓடக்காரியின் தந்தையின் வலக்கை, கல்லுக்கும் மரத்துக்கும் இடையே அகப்பட்டது. கூக்குரல் கேட்டு ஓடியவருள் வரைவாளரும் ஒருவர். முதியவரைத் தூக்கிச் சென்றபோது, அவர் நோவால் முனகியபடியே, “ஆத்தக் குத்தம் சொல்லாதீங்க, அது என்ன பண்ணும்” என்றார். நான்கு விரல்களை மருத்துவர் எடுத்துவிட்டனர்.

பத்து நாள் கழித்து ஓடக்காரி வரைவாளரின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வாயிற்படியிலேயே நின்றாள்.

“ஐயா, நீங்க படிச்சவங்க. நீரோட்டம் பாத்துதான் அங்க வச்சீங்கன்னு சொன்னாங்க. இன்னும் ரெண்டு தூண் நட்டா அந்தச் சுழல் அடங்குமா? உங்களத் தவிர யாரக் கேக்கறதுன்னு தெரியல.”

அவள் கண்களில் ஐயத்தின் நிழலேனும் இருந்திருந்தால் அதைப் பற்றிக்கொண்டு அவர் சினந்திருப்பார். அங்கே நம்பிக்கையன்றி வேறில்லை. “பாக்கறேம்மா” என்றார். அவள் கைகூப்பிச் சென்றாள். அந்தக் கூப்பிய கை, ஓங்கிய கையினும் கொடிதாக அவர்மேல் விழுந்தது.

கதவைச் சாத்திய கணவரின் முகம் சாம்பல் போலிருக்கக் கண்ட மனைவி, என்னவென்று வினவினாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் கூறினார், கூறி முடிக்கையில், “உனக்கு ஒரு நல்ல ஜன்னல் கிடைக்கட்டும்னுதான்...” என்று இழுத்தார்.

“நிறுத்துங்க” என்றாள் அவள். “நான் தண்ணி தெரியுமான்னு கேட்டேன். அங்க இருக்கறவங்கள ஓட்டுங்கன்னு கேக்கல. எம்பேர அதுல சேக்காதீங்க.” பின்பு, நாற்காலியைச் சாளரத்தினின்று எடுத்துச் சுவரோரம் போட்டு, அவருக்கு முதுகு காட்டி அமர்ந்தாள். இருபத்தெட்டு ஆண்டு இல்வாழ்க்கையில் அவள் அழுது பார்த்திருக்கிறார், சினந்து பார்த்திருக்கிறார், தம்மைக் குறித்து நாணி அமர்ந்ததை அன்றுதான் பார்த்தார்.

அடுத்த ஓய்வுநாளில் எடைக்கூடத்திற் பேரவை கூடியது. கரையோர நடைபாதைக்கு வரைவாளரின் பெயரைச் சூட்ட வேண்டுமென்று எழுதிய தாளைத் தலைவர் மலர்ந்த முகத்தோடு எடுத்தார். அதற்குள் வரைவாளர் எழுந்தார். முன்கூட்டி எழுதி வந்த அழகிய சொற்களெல்லாம் அக்கூட்டத்தைக் கண்டதும் உதிர்ந்துபோக, எஞ்சியவை சிலவே.

“படித்துறைய மாத்துனது நான். நீரோட்டம்னு எழுதுனது பொய். நீரோட்டம் பழைய எடத்துலதான் நல்லா இருந்துச்சு. என் ஜன்னலுக்கு எதிர்ல படகு வேண்டாம்னு தோணுச்சு. அதான். வேற ஒண்ணும் இல்ல.”

சிலர் அவரைப் பார்த்தனர்; பலர் பார்க்க மாட்டாமல் தரையை நோக்கினர். தலைவர் கையிலிருந்த தாளை நான்காக மடித்து, எட்டாக மடித்து, அதற்குமேல் மடிக்க வராதபோது மெல்லச் சொன்னார்: “படிச்சுப் பாருங்கன்னு நீங்க சொன்னீங்க. படிக்காம கையெழுத்துப் போட்டது நான். அதுல எனக்கும் பங்கு இருக்கு.” வசைமாரியை எதிர்நோக்கி நிமிர்ந்து நின்ற வரைவாளர், தம் பழியை நல்லவர் ஒருவர் பங்கிட்டுக்கொள்ளக் கேட்டதும் குனிந்துவிட்டார்.

பின்வரிசையில் இருந்த ஓடக்காரி எழுந்து முன்னே வந்தாள். அவள் குரல் உயரவில்லை.

“ஜன்னல்ல எல்லாம் நல்லாத் தெரியுதா?”

“தெரியுது” என்றார் வரைவாளர்.

“எங்கமேல கோவம்னா புரிஞ்சுக்குவேன். சண்டை போட்டிருக்கோம், சத்தம் போட்டிருக்கோம். நாங்க உங்க கண்ணுல படறதே பிடிக்கலன்னா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?” அவர் மன்னிப்பென்று தொடங்குமுன் அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். “அதெல்லாம் அப்புறம். எங்க எடம் எப்பத் திரும்பக் கிடைக்கும், அத மொதல்ல சொல்லுங்க.”

படித்துறையை முதலிற் குறித்த இடத்துக்கே கொணர்வதென்று அன்றே முடிவாயிற்று. வரைவாளரைக் குழுவினின்று நீக்க வேண்டுமென்று சிலர் கூற, ஓடக்காரியே மறுத்தாள். கெடுத்த கையே வரையட்டும், தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அவ்வாறே பல மாலைகள், அவர் ஒவ்வொரு கோடாக இழுத்து இன்னது இதுவென்று உரக்கச் சொல்ல, அவள் அதனை மறுபடி சொல்லச் செய்து, விளங்கிய பின்னரே தலையசைத்தாள். நீக்கியிருந்தால் அவர் தம் வெட்கத்தோடு வீட்டுக்குள் ஒளிந்திருக்கலாம். அந்த எளிய வழி அவருக்குக் கிடைக்கவில்லை. ஊரார் அவரை வைதாரில்லை. ஆனால் நேர்கோட்டார் என்று அழைப்பதை மட்டும், யாரும் யாரிடமும் சொல்லாமலே, எல்லாரும் ஒருசேர நிறுத்திவிட்டனர்.

கோடையில் மக்களே கல் சுமந்து, மண் அள்ளிப் புதிய துறையைக் கட்டி முடித்தனர். வரைவாளரும் கொப்புளம் கண்ட கையோடு அவர்களுள் ஒருவராய் நின்றார். படகுகள் வந்து சேர்ந்த நாளில், ஈரத்துணியும் புகையும் கூச்சலும் அவர் சாளரத்தை நிறைத்தன. இறுதியாக வந்த கலத்தில் முதியவர், பழகாத இடக்கையால் துடுப்புப் பிடித்துத் தடுமாறித் தடுமாறிக் கரையணைந்தார். கயிற்றை எறிய வேண்டிய வலக்கையில் அதனைப் பற்ற விரல்கள் இல்லை. பற்களாற் கயிற்றைக் கவ்வி, இடக்கையாற் சுருட்டி வீசினார். அது எட்டாமல் நீரில் விழுந்தது. மீண்டும் வீசினார், மீண்டும் விழுந்தது. கரையில் நின்ற வரைவாளர் இடுப்பளவு நீரில் இறங்கிக் கயிற்றை எடுத்தார். முதியவர் அவர் முகத்தை அறிந்தே நோக்கினார். “இறுக்கிக் கட்டுங்க” என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. படகிலிருந்து இறங்குகையில் வரைவாளர் நீட்டிய கையையும் பற்றவில்லை.

அறிவுடையீர், அதனை மன்னிப்பு என்பதா, மறுப்பு என்பதா என்று எம்மைக் கேளாதீர். வரைவாளர் அதன்பின் இருபது ஆண்டுகள் அவ்வீட்டிலேயே வாழ்ந்தார், படகினரோடு பேசினார், அவர்கள் கேட்டதையெல்லாம் வரைந்து கொடுத்தார், ஆயினும் காலையில் துறையைக் கடக்கும்போதெல்லாம் அவர் நடை ஒரு நொடி தளர்ந்தது. தவறாக வைத்த கல்லைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம். தாளிலிட்ட கோட்டைத் துடைத்து மீண்டும் இழுக்கலாம். ஒருவரை ஒருவர் நம்பிக் கட்டியெழுப்பிய ஊரில், அந்நம்பிக்கையைத் தன் நலத்துக்காக ஒருமுறை வளைத்தவனின் நெஞ்சை மட்டும் நிமிர்த்தித் தருவார் இலர். அதனைச் சுமந்தபடியே, மற்றவர் சுமைக்குத் தோள் கொடுத்துக்கொண்டு நடப்பதொன்றே அவனுக்கு எஞ்சிய வழி.