வெள்ளை அணு என்கிற தவளை

வகுப்பு ரீச்சர் வீட்டுக்கு வருகிறா என்றதும் பாலேந்திரா முதலில் செய்த காரியம், கொம்பியூட்டரைத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியதுதான். பள்ளிக்கூட ரீச்சர் வீடு தேடி வந்து கோப்பி குடித்துக் கதைத்துவிட்டுப் போவது டென்மார்க்கில் சாதாரணம். நம்மவர்களுக்கோ அது பொலிஸ் வந்த மாதிரி.

"விளையாட்டுச் சாமானைக் கண்டால் என்ன நினைப்பா? பிள்ளையைப் பழுதாக்கிறம் எண்டுதான்!"

"அதிலதானே பிள்ளை படிக்கிறாள்?" என்றாள் மனைவி கோகிலா.

"உஷ்! அதை வெளியில சொல்லிப்போடாதை!"

கோகிலா ஊரில் உயிரியல் படிப்பித்தவள். பாலேந்திரா முன்னமே அகதியாக டென்மார்க் வந்துவிட்டார்; அகதிகளின் குடும்பங்களை வரவிடாமல் இந்த நாட்டு நீதி அமைச்சு இழுத்தடித்த காலத்தில், அவளும் மகள் விஜிதாவும் கொழும்பில் ஓர் அறைக்குள் அடைந்து கிடந்தார்கள். படிப்பு அப்படியே நின்று போயிற்று. ஒருவழியாக அவர் இருந்த டோஸ்ட்ருப் என்கிற ஊருக்கு வந்து சேர்ந்தால், பிள்ளை உயிரியல் சோதனையில் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு வகுப்புக் கீழே இறக்கலாமா என்று தீர்மானிக்கத்தான் இன்றைக்கு ரீச்சர் வருகிறா. இப்போதுதான் வகுப்பில் இரண்டு சிநேகிதிகளைப் பிடித்திருந்த விஜிதா, இறக்கினால் பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்று அழுதுகொண்டிருந்தாள்.

புத்தகத்தை விரித்தால் கொட்டாவி விடுகிற பிள்ளை, விளையாட்டைப் போட்டால் கண்ணிமைக்காது. குழாய்களுக்குள் ஓடி ஓடிப் பச்சைப் பூச்சிகளை விழுங்குகிற ஒரு தவளை. கோகிலா பார்த்தாள். குழாயெல்லாம் இரத்தக் குழாய், தவளை வெள்ளை அணு, பூச்சிகள் பக்டீரியா என்று தொடங்கிவிட்டாள். அம்மா தமிழில் சொல்ல, மகள் பள்ளிப் புத்தகத்தில் டேனிஷ் சொல்லைத் தேடிப் பிடிப்பாள். ஒரு மாதமாக வீடு முழுக்க இரத்த ஓட்டந்தான், கூத்துத்தான்!

இங்கர் ரீச்சர் வந்தா. மேசையில் வடை, ரோல்ஸ், கேக், யாரும் திறக்காத தடித்த புத்தகங்கள். பாலேந்திரா உத்தியோக நேர்முகத்துக்குப் போகிறவர் மாதிரி ரை கட்டிக்கொண்டு நின்றார். ரீச்சர் சிரித்த முகத்தோடு விஜிதாவிடம் ஏதோ கேட்டா. வெள்ளை அணுவைப் பற்றித்தான் என்று கோகிலாவுக்கு விளங்கியது. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. ஆனால் மேசைக்குக் கீழே அவளுடைய வலது கை எதையோ பிடித்துத் திருப்புகிற மாதிரி இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்தது.

கோகிலா அந்தக் கையைக் கண்டுவிட்டாள். மானமாவது மண்ணாங்கட்டியாவது!

"இஞ்சாருங்கோ, அதை எடுங்கோ!"

"உனக்கு விசரே?"

அவளே கட்டிலுக்குக் கீழே புகுந்து இழுத்தாள். தூசியோடு கொம்பியூட்டரும், ஒற்றைச் சப்பாத்தும், போன வருசத்துக் கலண்டரும் வந்தன. வேறு வழியில்லாமல் பாலேந்திராவும், அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்த ஜோய்ஸ்டிக்கை, அந்த விளையாட்டுப் பிடியை, தோண்டி எடுத்தார். விளையாட்டு கசெட்டிலிருந்து மெல்ல மெல்லக் கொம்பியூட்டருக்குள் ஏறும் வரைக்கும் காத்திருக்க வேண்டுமே, அந்தச் சங்கடத்தில் அவர் ரீச்சரின் தட்டில் ரோல்சை வைத்துக்கொண்டே இருந்தார். பாவம், மனுசி மறுக்கத் தெரியாமல் தின்றா.

தவளை குதித்ததும் விஜிதாவின் வாயும் திறந்தது. அப்பப்பா, என்ன டேனிஷ்! கடகடவென்று கொட்டினாள். ஒருமுறை விழுங்கிய பூச்சியைத் தவளை அடுத்த கட்டத்தில் தூரத்திலேயே கண்டுகொள்ளும், தடுப்பூசி வேலை செய்வதும் அப்படித்தான் என்று அவள் விளக்க, கோகிலா பின்னால் நின்று, "இடப்பக்கம்! இடப்பக்கம் பக்டீரியா வருதடி!" என்று கத்தினாள். ரீச்சர் கதிரையை இழுத்து முன்னால் போட்டா. பிறகு தானே ஜோய்ஸ்டிக்கை வாங்கி, மூன்று தவளைகளை அநியாயமாகச் சாகக் கொடுத்து, விழுந்து விழுந்து சிரித்தா.

திருப்பிக் கொடுக்கும்போது விஜிதாவின் காதுக்குள் ஏதோ சொன்னா. பிள்ளை திரையை விட்டுக் கண் எடுக்காமல் "யா, யா" என்றாள்.

கோகிலா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னடி சொன்னவ?"

"பொறுங்கோ அம்மா!"

"பிள்ளை, என்னவாம்?" பாலேந்திரா மற்றப் பக்கத்தால் குனிந்தார்.

"பொறுங்கோ அப்பா, ஒரு தவளைதான் மிச்சம்!"

தாயும் தகப்பனும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்தபடி, அந்தப் பாழாய்ப்போன தவளை செத்துத் தொலையட்டும் என்று நின்றார்கள். அது சாகிற பாடாயில்லை. பிள்ளை அவ்வளவு நன்றாக விளையாடினாள். கடைசியில் ஒரு பூச்சி வந்து முட்டியது.

"ச்சே!" என்று திரும்பினாள் விஜிதா. "அதே வகுப்புத்தானாம். நான் இறங்கத் தேவையில்லையாம்."

"அடி பாவி, இதை அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்று கோகிலா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே இழுத்து அணைத்து, ரீச்சர் பார்க்கப் பார்க்க, சிரிப்பும் அழுகையுமாக முத்தம் கொடுத்தாள்.