இரண்டு முகமும் தெரிய வேண்டும்

வாழைக் கொல்லைக்குள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான் கிவும்பி. விடிந்தும் விடியாத நேரம். இலைகளிலிருந்து பனி சொட்டிச் சட்டையின் தோள் நனைந்துவிட்டது. வாசல் முக்காலியில் மாத்திரைகளை வைத்துவிட்டு வந்திருக்கிறான். பின்னால் கதவு திறந்து மாமியார் வெளியே வருவாள். அவள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்கும்வரை அவன் திரும்பக் கூடாது. கேட்ட பிறகும் திரும்பக் கூடாது.

அந்தப் பக்கத்து வழக்கப்படி மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பாதையில் எதிரெதிரே வர நேர்ந்தால் யாராவது ஒருவர் புதருக்குள் இறங்கிக்கொள்வார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கிவும்பி பார்த்ததெல்லாம் மாமியார் நலுபோவாவின் முதுகும் பாதங்களும்தான். அப்படிப்பட்டவளுக்குக் காசநோய் வந்தது. தினமும் மாத்திரை கொடுத்து, விழுங்கிவிட்டதை உறுதிசெய்ய வேண்டிய சுகாதாரத் தொண்டன் சுற்றுவட்டாரத்தில் இவன் ஒருவன்தான். அவன் மனைவி நபோசா கொடுக்கட்டுமே என்றால், சொந்தக்காரர்கள் இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள், தொண்டர் கையால்தான் கொடுக்க வேண்டும் என்று காசநோய்த் திட்டத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் மருமகன் சொந்தக்காரன் இல்லையா என்று கேட்டு, சாராயக் கடையில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

தொண்டு என்றால் தொண்டுதான், சம்பளம் கிடையாது. ஒரு மஞ்சள் பனியன் கொடுத்தார்கள், அது சாயம் போய்விட்டது. மாத்திரை கொடுத்துவிட்டு மசாக்கா சாலையோரத்துச் செங்கல் சூளைக்கு ஓட வேண்டும். பிந்தினால் மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

நேராகப் பேசக் கூச்சம். அதனால் இருவரும் கோழியிடம் பேசினார்கள். முதல் மாதம் சிறுநீர் சிவப்பாகப் போனதும் நலுபோவா அரண்டுபோனாள். இதைப் போய் மருமகனிடம் எப்படிச் சொல்வது? முற்றத்தில் கிளறிக்கொண்டிருந்த கோழியைக் கூப்பிட்டு அதனிடம் முறையிட்டாள்.

"அது மாத்திரையோட சாயம்தான், பயப்பட வேணாம்னு சொல்லு கோழி" என்றான் கிவும்பி, வாழை மரத்தைப் பார்த்தபடி.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. அதன்பிறகு மழை தள்ளிப்போவது, பிள்ளைகளின் படிப்பு, நபோசா வைக்கிற நிலக்கடலைக் குழம்பில் உப்புக் கூடுவது எல்லாமே கோழியின் காதுக்குப் போயின. சின்ன வயதிலேயே தாயை இழந்தவனுக்கு அந்தக் குரல் பிடித்துப்போயிற்று. இருமல் குறைந்து வருவதைக் காதாலேயே தெரிந்துகொண்டான். இருமலே இல்லாத காலைகளில் சூளை வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டு போவான்.

நான்கு மாதம் முடிந்து இன்னும் இரண்டு மாதம் பாக்கி இருக்கும்போது, திட்டத்தின் மேற்பார்வைக்குப் பெனினா என்ற பெண் ஒரு நாள் காலை மாத்திரை நேரத்துக்கு டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். நல்ல பெண். கால்சட்டை போட்டிருந்தும், சாத்திய கதவுக்கு முன்னால் ஊர் வழக்கப்படி மண்ணில் மண்டியிட்டுத்தான் நலுபோவாவுக்கு வணக்கம் சொன்னாள். பிறகு எழுந்து கிவும்பியைத் தனியே அழைத்தாள். அவன் மாத்திரை கொடுப்பதையும் நோயாளி விழுங்குவதையும் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். படத்தில் இரண்டு முகமும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து இந்த வீட்டுக்கு மாத்திரை வராது, ஆஸ்பத்திரிக்கே தினமும் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி அரை நாள் நடை. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும், அப்போது இந்த மாத்திரைக்கு அடங்காது. அது இருவருக்கும் தெரியும்.

மாமியார் முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளட்டும் என்றான். பெனினா தலையசைத்து மறுத்தாள். தான் திரும்பி நிற்பதாகச் சொன்னான். அதற்கும் இல்லை.

"எனக்குத் தெரியாதா அண்ணே? எங்கப்பாவும் இன்னிக்கு வரைக்கும் அவர் மாமியார் முகத்தப் பாத்ததில்ல. திட்டத்துக்குப் பணம் அனுப்புறவங்களுக்கு அது எங்க புரியுது?"

"அப்ப நான் விலகிக்கறேன். வேற ஆளப் போடுங்க."

"சம்பளமில்லாம தினம் வர்றதுக்கு வேற ஆளு எங்கண்ணே இருக்கு?"

கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நலுபோவா கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாளை நீக்கினாள். கிவும்பி பழக்கதோஷத்தில் சட்டென்று திரும்பிக்கொண்டான்.

"மாப்பிள்ளை" என்றாள் அவள். கோழியைக் கூப்பிடவில்லை. "நாலு மாசமா எனக்காகப் பனியில குந்தியிருக்கீங்க. உங்க முன்னால எனக்கென்ன மானம் போயிடும்? நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசைப்படறேன். திரும்புங்க."

திரும்பினான். கல்யாண வீடுகளுக்கு உடுத்தும் பட்டு உடுப்பை உடுத்தி, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். நபோசாவின் அதே தாடை. கன்னங்கள் ஒட்டிப்போயிருந்தன. அவள் அவனைப் பார்க்கவில்லை, அவன் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தாள். பெற்ற தாயை அம்மணமாகப் பார்த்துவிட்டவன் போல அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

விரல் பட்டுவிடாதபடி, மாத்திரைகளை மேலேயிருந்து அவள் உள்ளங்கையில் போட்டான். அவள் விழுங்கினாள். பெனினா மெல்லிய குரலில் சொன்னபடி வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். பின்பக்கத்தில் பற்கள் இல்லை.

பெனினா போனில் பிடித்த படத்தைப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். நிமிர்ந்து அவர்களைப் பார்க்க அவளுக்கே சங்கடமாக இருந்தது.

"அண்ணே, நீங்க கண்ண மூடிட்டீங்க. இத வாங்கிக்க மாட்டாங்க. இன்னொரு தடவை."

அன்றைக்கு உண்டான மாத்திரை தீர்ந்துவிட்டது. நலுபோவா வெறும் கையை மறுபடியும் நீட்டினாள். கிவும்பி ஒன்றுமில்லாத விரல்களை அதன்மேல் விரித்தான். இல்லாத மாத்திரையை அவள் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினாள். கிவும்பி கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றான்.